தீபாவளி விருந்துக்குக் கறியை ஊறவைப்பதும் அதற்கேற்ற அடுப்பைத் தேர்வதும்

தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை மாலை சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 25 பேருக்குச் சுட்ட கறி விருந்து வைக்கப்போவதாகவும், 5 கிலோ கோழியையும் 3 கிலோ ஆட்டிறைச்சியையும் முதல் நாள் காலையிலேயே தயிர், எலுமிச்சைச் சாறு, பப்பாளிக்காய் விழுது, மசாலா எல்லாம் சேர்த்து ஒரே அண்டாவில் புரட்டி வைக்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பலகாரங்களால் குளிர்சாதனப் பெட்டி நிறைந்துவிட்டது என்றும், மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் சேர்ந்திருப்பதால் கறி வெளியில் இருந்தாலும் கெடாது என்று உங்கள் மாமியார் சொல்வதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எதை நெருப்பில் சுடுவது, எதைக் குக்கரில் வேகவைப்பது, மீந்த மசாலாவைச் சுட்ட கறியின் மேல் ஊற்றலாமா என்பவை உங்கள் மற்றக் கேள்விகள். பெரிய சமையற்கூடங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்திலிருந்து இவற்றுக்கு விடை எழுதுகிறேன். விடை சற்று நீளும்.

முதலில் மாமியாரின் கருத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது. மஞ்சளுக்கும் உப்புக்கும் புளிப்புக்கும் கிருமிகளின் வளர்ச்சியை ஓரளவு மட்டுப்படுத்தும் தன்மை உண்டு என்பது உண்மைதான். உப்பைத் திணித்து வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததை அவர் தம் இளமையில் பார்த்திருக்கவும் கூடும். ஆனால் உப்புக்கண்டத்தில் இருக்கும் உப்பின் அளவும், ஈரமின்மையும் நாம் சமையலுக்குப் புரட்டி வைக்கும் கறியில் இல்லை. கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் சுவைக்கும் நிறத்துக்கும் போதுமே தவிர, பச்சைக் கோழியில் இயல்பாகவே இருக்கக்கூடிய சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகளை அடக்கப் போதா. சிங்கப்பூர் வீட்டின் சமையலறை இரவிலும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையைத்தான் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஆபத்தான எல்லை என்று வரையறுத்திருக்கிறது. ஏதுவான சூட்டில் சில கிருமிகள் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால், ஓர் இரவு முழுவதும் மேசையில் இருக்கும் அண்டாவில் என்ன நடக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எலுமிச்சைச் சாறு கறியை ‘வேகவைத்துவிடும்’ என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. மீன் துண்டின் மேல் சாற்றைப் பிழிந்தால் அது வெளுத்து இறுகுவதைப் பார்த்து அப்படித் தோன்றுகிறது. புளிப்பு புரதத்தை இறுகச் செய்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கிருமிகளை அது நம்பும்படியாகக் கொல்வதில்லை. 2015-இல் இங்கே பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களிடையே பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று பரவியதையும், அந்த ஆண்டின் இறுதியில் உணவுக்கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்குத் தடை வந்ததையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். ஆக, ஊறவைப்பது சுவைக்காகவும் மென்மைக்காகவும் செய்கிற வேலை. கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கக் குளிரும், கிருமியைக் கொல்லச் சூடும் தேவை. இதை மாமியாரிடம் சொல்லும்போது, மஞ்சளை நீங்கள் குறைக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; பாதி மனத்தாங்கல் அத்தோடு தீர்ந்துவிடும்.

எனவே குளிர்சாதனப் பெட்டியில் இடம் உண்டாக்கியே ஆக வேண்டும். முறுக்கு, அதிரசம், ரவா லட்டு போன்றவற்றுக்குக் குளிர் தேவையில்லை. குளிர்பானப் புட்டிகளை ஒரு வாளி ஐஸ்கட்டியில் வைத்துவிடலாம். அந்த இடத்தில் கறியை வையுங்கள். ஆனால் 8 கிலோவையும் ஒரே அண்டாவில் அடைத்து உள்ளே தள்ளினால் போதாது. அவ்வளவு பெரிய குவியலின் நடுப்பகுதி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரை நடுவில் இருக்கும் கறி ஆபத்தான எல்லையிலேயே கிடக்கும். கிலோ கிலோவாகப் பிரித்து, கனமான பிளாஸ்டிக் பைகளில் இட்டு, காற்றை வெளியேற்றி, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி, கீழ்த்தட்டில் ஒரு தாம்பாளத்தின் மேல் வைத்தால் விரைவாகவும் சீராகவும் குளிரும். பையில் வைப்பதால் மசாலா எல்லாப் பக்கமும் ஒட்டும். தயிரும் குறைவாகவே செலவாகும். கீழ்த்தட்டு என்று சொல்வதற்குக் காரணம், பை எங்கேனும் கசிந்தால் அந்த நீர் பாதுஷாவின் மேலோ வெட்டிய பழத்தின் மேலோ சொட்டக்கூடாது என்பதுதான். பெட்டியின் வெப்பநிலை 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் கதவு திறந்து திறந்து மூடப்படுவதால் அது ஏறிவிடும்.

இனி, மசாலா கறிக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கறிக்குள் ஆழமாக இறங்குவது உப்பு ஒன்றுதான் என்று சொன்னால் ஏறத்தாழ சரியாக இருக்கும். உப்பு இறைச்சியின் புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளச் செய்கிறது. அதனால்தான் முன்கூட்டியே உப்புச் சேர்த்த கோழி வறண்டுபோவதில்லை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றின் மணப்பொருள்கள் ஒரு நாள் வைத்தாலும் மேலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆகவே மணம் உள்ளே ஏற வேண்டும் என்பதற்காக இரண்டு நாள் ஊறவைப்பதைவிட, துண்டைச் சிறிதாக்குவதோ, கோழிக்காலில் எலும்பு வரை ஆழமாகக் கீறி விடுவதோ பயன் தரும். உப்பைக் கிலோவுக்கு 12 கிராம் என்ற அளவில் முதலில் தடவி, அரை மணி நேரம் குளிரில் வைத்துவிட்டுப் பிறகு மசாலாவைப் புரட்டுவது என் வழக்கம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தாலும் குற்றமில்லை.

புளிப்பில் தயிருக்கும் எலுமிச்சைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. தயிரின் புளிப்பு மிதமானது. அது கறியின் மேற்பரப்பை மெல்லத் தளர்த்துவதோடு, மசாலாவைக் கறியோடு ஒட்டவைக்கும் பூச்சாகவும் இருந்து, நெருப்பில் அழகாகச் சிவக்கவும் செய்கிறது. தயிரில் புரட்டிய கோழியை 4 மணி நேரத்திலிருந்து ஓர் இரவு வரை குளிரில் வைக்கலாம்; அதிகபட்சம் இரண்டு நாள். எலுமிச்சைச் சாறு அதைவிடப் பன்மடங்கு கடுமையானது. நிறையச் சாற்றில் பல மணி நேரம் ஊறிய கோழியின் மேல்புறம் சுண்ணாம்பு போல வெளிறி, மெல்லும்போது மாவாகவும் வறட்சியாகவும் இருக்கும். நீங்கள் எழுதிய அளவில் தயிரும் எலுமிச்சையும் சேர்ந்து 30 மணி நேரத்துக்கு மேல் ஊறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தயிர் இருக்கும்போது எலுமிச்சையை ஊறவைக்கும் கலவையில் பெயரளவுக்கு மட்டும் சேர்த்து, மீதியைச் சுட்ட பிறகு சூட்டோடு பிழிந்துவிடுங்கள்; மணமும் கூடுதலாக நிற்கும். மீனும் இறாலும் மென்மையானவை. அவற்றுக்கு எந்தப் புளிப்பும் கால் மணி முதல் அரை மணி நேரம் போதும்.

பப்பாளிக்காயைப் பற்றி எச்சரிக்கையாகவே எழுத வேண்டியிருக்கிறது. அதன் பாலில் இருக்கும் பப்பெயின் என்ற நொதி புரத நார்களை வெட்டுகிறது. அன்னாசியில் உள்ள புரோமலெயினும், பச்சை இஞ்சியில் உள்ள நொதியும் அதே வேலையைச் செய்பவை. பப்பெயின் குளிரில் சோம்பலாகவும் 60, 70 டிகிரிச் சூட்டில் வேகமாகவும் வேலை செய்யும் இயல்புடையது. அதனால் ஊறும்போது ஒன்றும் ஆகாததுபோல் தெரிந்த கறி, மெல்லத் தணலில் சூடேறும்போது திடீரென்று கூழாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குடும்ப விருந்துக்கு ஆட்டுக்கறியில் நானே தாராளமாகப் பப்பாளி விழுது சேர்த்து இரவு முழுவதும் வைத்திருந்தேன். மறுநாள் கம்பியில் கோத்தவுடன் துண்டுகள் தம் கனத்தாலேயே அறுந்து கரியில் விழுந்தன. மேல்புறம் களிபோலவும் உள்ளே பழைய கடினத்தோடும் இருந்த அந்தக் கறியை உறவினர்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது, இரண்டு மணி நேரம் என்பதே என் எல்லை; அதையும் ஆட்டுக்கறிக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். கோழிக்கு அது தேவையே இல்லை. உங்கள் திட்டத்தில் ஆட்டுக்கறியை வேறு வழியில் சமைக்கச் சொல்லப்போகிறேன் என்பதால் பப்பாளியை அடியோடு விட்டுவிடலாம்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வரி: புளிப்புள்ள மசாலாவை அலுமினிய அண்டாவில் ஊறவைக்காதீர்கள், எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் ஆகியவை ஏற்றவை.

தேக்கா சந்தையில் அன்றே வெட்டிய கோழியை வாங்குவதா, பேரங்காடியில் உறைந்த கோழியை வாங்குவதா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் இது ஊறவைப்பதோடு தொடர்புடையது. மலேசியா 2022 ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தபோது இங்கே பல குடும்பங்கள் முதன்முறையாக உறைந்த கோழிக்குப் பழகின. ஊறவைத்துச் செய்யும் சமையலுக்கு அதனால் பெரிய குறை எதுவும் வரவில்லை. ஆனால் பனி இளகும் முறை முக்கியம். ஒரு முழுக் கோழிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஏறக்குறைய ஒரு நாள் கொடுங்கள். அவசரமென்றால் கசியாத பையில் இட்டுக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியவுடன் சமைத்துவிட வேண்டும். காலையில் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்து எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. இளகியபின் வடியும் நீரைத் துடைத்துவிட்டு மசாலாவைத் தடவுங்கள். இல்லையென்றால் தயிர் நீர்த்துப்போய்க் கறியில் ஒட்டாது.

கறியைக் கழுவுவது பற்றி நம் வீடுகளில் விவாதமே கிடையாது. மஞ்சள் போட்டு மூன்று முறை அலசாத கறியைச் சமைத்தால் சாப்பிடவே மாட்டார்கள். பிரிட்டனின் உணவுத்தர அமைப்பு 2014-இல், பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்று மக்களை வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. குழாய் நீர் கோழியின் மேல் பட்டுத் தெறிக்கும்போது கேம்பிலோபாக்டர் கிருமி கைக்கும் சட்டைக்கும் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்துக்கும் பரவும் என்பதே காரணம். அறிவியல் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. கழுவியதால் கிருமி போவதில்லை, இடம் மாறுகிறது. ஆனாலும் கழுவாமல் சமைக்க உங்கள் வீட்டில் மனம் ஒப்பாது என்றால், குழாயைத் திறந்து அதன் கீழே கறியைப் பிடிக்காமல், பாத்திரத்தில் தண்ணீரை முன்பே நிரப்பி, கறியை மெதுவாக அமிழ்த்தி எடுத்து, அருகில் கொத்தமல்லியோ தட்டுகளோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, பிறகு தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கவிச்சையைப் போக்குவது உங்கள் நோக்கம் என்றால், தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் கொழுப்பையும் முதுகெலும்பில் ஒட்டியிருக்கும் இரத்தக் கட்டிகளையும் நீக்கிவிட்டுத் துடைப்பது, மூன்று முறை அலசுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

இப்போது எந்தக் கறிக்கு எந்த அடுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் முதலில் மசாலாவை முடிவு செய்துவிட்டுப் பிறகு கறியை வாங்குகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்வேன். விலங்கின் உடலில் அதிகம் உழைத்த பகுதியில், அதாவது முன்னங்கால், கழுத்து, நல்லி ஆகியவற்றில், சவ்வும் இணைப்புத் திசுவும் மிகுதி. அவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற கடினமான புரதம், ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல், ஈரத்தோடு, நீண்ட நேரம் வெந்தால்தான் ஜெலட்டினாகக் கரையும். எந்த மசாலாவில் எத்தனை மணி ஊறவைத்தாலும் அந்தத் திசு கரைவதில்லை. முதுகுப் பகுதியும் சாப்ஸ் துண்டுகளும் குறைவாக உழைத்தவை; அவற்றைக் கடும் சூட்டில் விரைவாகச் சுடலாம். இங்கே நமக்குக் கிடைக்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. இளஞ்செம்மறியின் சாப்ஸ் நேரடியாகச் சுட ஏற்றது, ஆனால் ‘மட்டன்’ என்று கேட்டு வாங்கும் முதிர்ந்த ஆட்டின் கால் துண்டுகளைக் கரியடுப்பில் வைத்தால் அவை செருப்புத்தோல் ஆகிவிடும்.

ஆகவே உங்கள் 3 கிலோ ஆட்டுக்கறி சாப்ஸ் இல்லையென்றால், வெள்ளிக்கிழமை இரவே வீட்டில் சமைத்து முடித்துவிடச் சொல்வேன். உப்பு, இஞ்சி பூண்டு, மஞ்சள், கொஞ்சம் தயிர் சேர்த்து ஒரு மணி நேரம் மட்டும் ஊறவைத்து, குக்கரில் வேகவையுங்கள். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி அளவுக்கு உயர்வதால், திறந்த சட்டியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை அரை மணிக்குள் முடிகிறது. கறி பஞ்சாக வெந்து, ஆனால் உதிராமல் இருக்கும் நிலையில் நிறுத்தி, சாற்றைத் தனியே வடித்து, கறியைத் தட்டையாகப் பரப்பி ஆறவைத்துக் குளிரில் வைத்துவிடுங்கள். மறுநாள் பூங்காவில் அந்தத் துண்டுகளைக் கம்பியில் கோத்து, மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் வறுத்துப் பொடித்து நெய்யில் குழைத்த மசாலாவைத் தடவி, உள்ளே ஆவி பறக்கும் வரை தணலில் வாட்டினால் சுக்கா வறுவலின் சுவையும் புகை மணமும் ஒன்றாகக் கிடைக்கும். வடித்த சாற்றைச் சுண்டவைத்துக் குழம்பாக்கலாம். அதை வீணாக்குவது பாவம்.

கோழியைப் பச்சையாகக் கொண்டுபோய் அங்கேயே சுடலாம், ஆனால் முழுக் காலாக வேண்டாம். எலும்போடு கூடிய பெரிய துண்டு கரியடுப்பில் வெளியே கருகிய பிறகும் எலும்பருகில் வேகாமல் இருக்கும். பசியோடு 25 பேர் சுற்றி நிற்கும்போது பொறுமையாகத் திருப்பிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. எலும்பு நீக்கிய தொடைக்கறியை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நெருக்காமல் கோத்து, கரி சாம்பல் பூத்தபின் திருப்பித் திருப்பிச் சுட்டால் 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும். நெஞ்சுக்கறி 75 டிகிரியைத் தாண்டியவுடன் வறளத் தொடங்கும். தொடைக்கறியோ 80 டிகிரியிலும் சாறோடு இருக்கும் என்பதால் அனுபவம் குறைந்த கைகளுக்கு அதுவே உகந்தது. காலாகத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், வீட்டு அவனில் 200 டிகிரியில் முழுவதுமாக வேகவைத்து, குளிரவைத்து, அங்கே சூடாக்கிச் சிவக்க வையுங்கள். அரைவேக்காட்டில் எடுத்துவைத்து மறுநாள் மீதியைச் சுடலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். பாதிச் சூடு கிருமிகளைக் கொல்லாமல், அவை பெருகுவதற்கு இதமான வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். வீட்டிலேயே ஏர் ஃபிரையரில் செய்வதானால், துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று இல்லாமல் ஒரே அடுக்காக வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு சூட்சுமம் இல்லை.

வெந்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கறியின் நிறத்தை வைத்து முடிவு செய்வது எந்தச் சமையலிலும் நம்பகமானதன்று, நம் சமையலில் அறவே உதவாது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்ந்து வேகாத கறியையும் வெந்ததுபோலச் சிவப்பாகக் காட்டும். மறுபக்கம், இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி முழுதாக வெந்த கறியையும் இளஞ்சிவப்பாகக் காட்டும். எனவே ஊசி போன்ற முனையுடைய உணவு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விலை ஒரு நல்ல பிரியாணிப் பொட்டலத்தை விட அதிகம் இருக்காது. ஐஸ்கட்டி நிறைந்த தண்ணீரில் வைத்துப் பார்த்து அது 0 டிகிரி காட்டுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு, கனமான துண்டின் நடுவில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பு அறிவுறுத்தும் அளவு 75 டிகிரிக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் 70 டிகிரி என்கிறது. இந்த வேறுபாடு குழப்பத்தைத் தரலாம். கிருமியின் அழிவு வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்தே அமைவது. 60 டிகிரியில் அரை மணி நேரம் பிடிக்கும் அழிவு 74 டிகிரியில் சில நொடிகளில் முடிந்துவிடும். நேரத்தை அளக்காத வீட்டுச் சமையலுக்கு 75 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொள்வது எளிது. கொத்துக்கறியில் செய்யும் கபாபுக்கும் அதே அளவுதான். முழுத் துண்டில் மேலே மட்டும் இருக்கும் கிருமி, கொத்தும்போது உள்ளே கலந்துவிடுகிறது.

மீந்த மசாலாவைப் பற்றி: பச்சைக் கறி ஊறிய கலவையை அப்படியே சுட்ட கறியின் மேல் ஊற்றக் கூடாது, சுட்டு முடியும் தறுவாயில் தூரிகையால் பூசவும் கூடாது. மசாலாவைக் கலக்கும்போதே நான்கில் ஒரு பங்கைக் கறி படாமல் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. ஊறிய கலவையை வீணாக்க மனமில்லை என்றால் நன்றாகக் கொதிக்கவைத்துக் குழம்பாக்கலாம். தயிர் திரிந்து பார்வைக்கு நன்றாக இருக்காது என்பதால் எனக்கு அதில் ஆர்வமில்லை.

பூங்காவுக்குக் கொண்டுசெல்லும்போது பைகளை ஐஸ் பெட்டியில், கீழே ஐஸ், மேலே ஐஸ் என்று அடுக்குங்கள். நீங்கள் ஈசூனிலிருந்து வருவதாக எழுதியிருப்பதால் பயணமே ஒரு மணி நேரத்தை விழுங்கும். வெளியே உணவு இரண்டு மணி நேரம் இருக்கலாம் என்ற பொது விதி, வெயில் 32 டிகிரியைத் தாண்டும்போது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. குளிர்பானங்களுக்கு வேறொரு பெட்டி வையுங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிள்ளை வந்து கறிப்பெட்டியைத் திறக்கும். பச்சைக் கறிக்கு ஓர் இடுக்கி, வெந்த கறிக்கு வேறோர் இடுக்கி; பச்சைக் கறி வந்த தட்டு மேசைக்குத் திரும்பி வரக் கூடாது. இதை நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் என்ற கலவைப் பண்டத்தைச் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, இருவர் உயிரிழந்ததற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது, பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த உணவுக்குக் கிருமி தாவியதுதான். அங்கே அடுப்பில் குறை இருந்ததாகச் சொல்லப்படவில்லை. வெந்த உணவே பிறகு மாசுபட்டது.

கருகிய பகுதிகளை அதிகம் சாப்பிட வேண்டாம் என்பதற்கும் நியாயம் உண்டு. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகையிலும், மிகையான சூட்டில் கருகும் இறைச்சியிலும் தீங்கான சேர்மங்கள் உண்டாகின்றன. கறியைத் தீக்கொழுந்திலிருந்து விலக்கி வைப்பதும், கூடுதல் தயிரைத் துடைத்துவிடுவதும், கம்பியில் கோத்துச் சுடும் சாத்தே கறியின் மசாலாவில் இருப்பது போன்ற சர்க்கரையைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒத்திவைப்பதும் போதும்.

மிச்சத்தில்தான் பண்டிகைக் காலத்து வயிற்றுவலி பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. மறுநாள் குழம்புக்குத் தனிச் சுவை உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய சட்டி நிறையக் கறிக்குழம்பை மூடி வைத்து இரவெல்லாம் அடுப்பின் மேல் விட்டால், கொதியையும் தாங்கிய பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள், குழம்பு மெல்ல ஆறும் அந்த மணி நேரங்களில் முளைத்துப் பெருகும். காலையில் ஒரு கொதி விடுவது முளைத்த கிருமிகளைக் கொல்லலாம். ஆனால் கையிலிருந்து உணவில் சேர்ந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி ஏற்கெனவே சுரந்த நச்சு கொதித்தாலும் அழிவதில்லை. ஆகையால் வெள்ளி இரவு வடித்த அந்தச் சாற்றையும் கறியையும் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள். மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். பூங்காவில் மேசையில் மணிக்கணக்காகக் கிடந்த கறியை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுடாமல், சாப்பிடச் சாப்பிடச் சுட்டால் மிச்சமும் குறையும்.

உங்கள் சித்தி குடும்பம் சைவம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அவர்களுடைய பனீரையும் காளானையும் குடைமிளகாயையும் தேய்த்துக் கழுவிய கம்பி வலையில் முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஆட்டுக்கறி, கடைசியாகப் பச்சைக் கோழி. கரி முழுச் சூட்டுக்கு வருவதற்கு முன்பே பனீர் சிவந்துவிடும் என்பதால் நேரமும் வீணாகாது.